ஞாயிற்றுக்கிழமையும் மதுக்கடையும்



2016-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காந்தி ஜயந்தி. அது ஞாயிற்றுக்கிழமையாகவும் வாய்த்தது. அன்று தில்லியில் நம் வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தான். நம் ஒன்றுவிட்ட தமையனாரின் மகன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பொறியாளனாக வேலை பார்ப்பவன். விடுமுறையில் வந்தவன், ஊருக்குப் போகும் வழியில் நம்மோடு இரண்டு நாள் தங்கினான். மாலையில் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். மூலையிலுள்ள மதுக்கடை பூட்டிக் கிடந்தது. அதைக் கண்டு அவன் சிரித்தான்.

"சித்தப்பா, உங்களுக்கு ஆண்டில் சில நாள்தான் இப்படி. எங்கள் ஊரில் வாரந்தோறும் இதே கதை" என்றான்.

அவன் சொன்ன செய்தி நமக்குப் புதிது. அவன் சாமான் வாங்கும் பெரிய கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமாம். பால், ரொட்டி, இறைச்சி, சிகரெட்டு, எல்லாம் கிடைக்கும். ஆனால் பீரும் திராட்சை மதுவும் அடுக்கியிருக்கும் பகுதியின் குறுக்கே மட்டும் ஒரு கயிறு கட்டியிருக்கும். புட்டிகள் கண்ணுக்குத் தெரியும்; கையில் எடுக்கலாகாது. அந்தக் கடைக்கு எதிரே உள்ள உணவகத்திலோ அதே நாளில் மது பரிமாறுவார்கள். அங்கே அமர்ந்து குடித்துவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். வாங்கிச் சென்று வீட்டிலிருந்தபடி குடிப்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை! காரணம் கேட்டதற்குக் கடைச் சிப்பந்தி, "இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே" என்றானாம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்பது அவன் எண்ணம்.

"மதம் வேறு, அரசாங்கம் வேறு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு. கிறிஸ்தவர்கள் கோயிலுக்குப் போகும் நாளென்று கடையைப் பூட்டச் சொல்லலாமா, சித்தப்பா?" என்று கேட்டான் பையன். அன்று நம்மால் தக்க விடை சொல்ல இயலவில்லை. பின்னர் ஓய்ந்த வேளைகளில் அந்த நாட்டுத் தீர்ப்புக்களையும் வரலாற்றையும் படித்துப் பார்த்தோம். படித்ததில் ஒரு பகுதியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம். மதுவுக்குப் பரிந்து பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. ஒரு சாராரின் புனித நாளை மற்றவர்களும் அனுசரிக்க வேண்டுமென்று அரசாங்கம் கட்டளையிடலாமா என்பதே கேள்வி. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலார் விவகாரம் அன்று. ஏனென்பதைப் பிறகு சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கும் சட்டம் மிகப் பழையது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் இத்தகைய ஆணை ஒன்றைப் பிறப்பித்தான். நகரவாசிகள் ஓய்ந்திருக்க வேண்டும், உழவர் மட்டும் வயல்வேலை செய்யலாம் என்றது அந்த ஆணை. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்துவின் பெயர் அதில் இல்லை. 'கதிரவனின் நாள்' என்றே அதில் கண்டிருக்கிறது. நாமும் 'ஞாயிறு' என்று கதிரவனின் பெயரால்தானே அந்த நாளை அழைக்கிறோம்! ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் குடியேறிய தொடக்க காலத்தில், 1610-இல் வகுத்த சட்டமோ மிகக் கடுமையானது. ஞாயிறு வழிபாட்டுக்கு வரத் தவறுபவனுக்கு முதலில் சிறு தண்டனை. மூன்றாம் முறை தவறினால் மரண தண்டனை என்று எழுதிவைத்தார்கள். இந்த வகைச் சட்டங்களை அமெரிக்கர்கள் 'நீலச் சட்டங்கள்' என்று அழைக்கிறார்கள். நீலம் ஏன் வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு, ஒன்றும் நிலைபெறவில்லை. மொழிபெயர்ப்பாளனாக வயிறு வளர்க்கும் நமக்கு இப்படிப்பட்ட சொற்கள் பெரிய தொல்லை. வேர் தெரியாத சொல்லை வேறு மொழியில் எவ்வாறு நடுவது?

1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறிற்று. மதம் ஒன்றை நிறுவும் சட்டத்தையோ மத வழிபாட்டைத் தடுக்கும் சட்டத்தையோ காங்கிரஸ் சபை இயற்றலாகாது என்பது அதன் சாரம். 1802-இல் ஜெபர்சன், டான்பரி ஊர் பாப்டிஸ்டு சபையாருக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபைக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே எழுந்த சுவர் என்று இந்தத் திருத்தத்தை வருணித்தார். இந்தச் சுவரைப் பற்றிப் பேசாதார் இல்லை. ஆனால் திருத்தத்தை வரைவதில் முதன்மையாக நின்ற மாடிசனே, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1785-இல், ஓய்வு நாளை மீறுவோரைத் தண்டிக்கும் மசோதாவை வர்ஜீனியாச் சட்டசபையில் கொண்டுவந்தவர். அவர் மனத்தில் இரண்டுக்கும் முரண்பாடு தோன்றவில்லை போலும்.

தபால் விஷயத்தில் வேறுவிதமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் தபால் நிலையங்கள் திறந்திருக்க வேண்டுமென்று 1810-இல் காங்கிரஸ் சட்டம் செய்தது. பாதிரிமார்கள் எதிர்த்தார்கள், மனுக்கள் குவிந்தன. 1829-இல் ஜான்சன் என்னும் செனட்டர் இது பற்றி ஓர் அறிக்கை அளித்தார். சனிக்கிழமையைப் புனிதமாகக் கொள்வோரும் இந்நாட்டில் இருக்கிறார்கள். எது ஆண்டவனுடைய நாள் என்று தீர்ப்புச் சொல்வது சட்டசபையின் வேலை அன்று என்பது அவர் வாதம். மனுக்கள் தள்ளுபடியாயின. எனினும் 1912-இல் தபால் நிலையங்களை ஞாயிற்றுக்கிழமை மூடிவிட்டார்கள். அம்முறை பாதிரிமார்களோடு தபால் குமாஸ்தாக்களும் கைகோத்து நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒருநாள் ஓய்வு. அது எந்தச் சாமியின் நாள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. பக்தியும் களைப்பும் சேர்ந்து கேட்டபோது கதவு அடைபட்டது.

இனி மதுவுக்கு வருவோம். சிக்காகோ நகரத்தில் 1855-ஆம் ஆண்டு நடந்த கலகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் அங்கே ஜெர்மானியர் திரள்திரளாகக் குடியேறியிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் உழைப்பு. ஏழாம் நாள் மனைவி மக்களோடு தோட்டத்தில் கூடி, வாத்தியம் வாசித்து, பீர் அருந்திப் பொழுது போக்குவது அவர்களுடைய பிறந்த நாட்டு வழக்கம். கோயிலுக்குப் போவதும் உண்டு. போய்வந்த பின்பு தோட்டத்துக்குப் போவதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தடுக்குமென்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. குடியேறியவர்களை வெறுக்கும் கட்சியின் ஆதரவோடு லீவை பூன் என்பவர் நகரத்தலைவர் ஆனார். தூங்கிக்கொண்டிருந்த ஞாயிறு மூடல் சட்டத்தைத் தட்டி எழுப்பினார். மதுக்கடை லைசென்சுக் கட்டணத்தையும் ஆண்டுக்கு 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார். கடைக்காரர்கள் பலர் கைதானார்கள். ஏப்ரல் 21-ஆம் நாள் விசாரணை நடக்கவிருந்தபோது ஜெர்மானியர் ஊர்வலமாகத் திரண்டு வந்தனர். ஆற்றின் மேலிருந்த பாலத்தைத் திருப்பிவிட்டுக் கூட்டத்தைத் தடுத்தார்கள். துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. மறு ஆண்டுத் தேர்தலில் வந்தேறிகளெல்லாம் திரண்டு வாக்களித்தார்கள். பூனின் கட்சி தோற்றது. கட்டணம் பழையபடி 50 டாலருக்கு இறங்கிற்று.

இங்கே நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. சட்டப் புத்தகத்தில் அந்த விதி நெடுநாளாக இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வந்தவர்கள்மேல் வெறுப்பு மூண்டபோது அது ஆயுதமாயிற்று. பக்தியின் பெயரால் எழுதிய சட்டத்தைப் பக்தியில்லாத காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது அப்போதே வெளிப்பட்டது.

நியூயார்க்கில் நடந்தது இவ்வளவு துயரமானது அன்று. 1895-இல் தியோடர் ரூஸ்வெல்ட் அந்நகரப் போலீசுக் கமிஷனர்களுள் ஒருவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே ரூஸ்வெல்ட்தான். ஞாயிறு மதுத் தடையைக் கண்டிப்பாக நிறைவேற்றத் தொடங்கினார். மறு ஆண்டு வந்த ரெயின்ஸ் சட்டம், தங்கும் விடுதிகளில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை உணவோடு சேர்த்து மது பரிமாறலாம், விடுதி என்றால் பத்து அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. விளைவு? மதுக்கடைக்காரர்கள் மாடியில் தடுப்பு அடித்துப் பத்து அறை கட்டிக்கொண்டார்கள். அந்த அறைகளில் விபசாரம் வளர்ந்தது. உணவுக்கோ ஒரே ஒரு சாண்டுவிச்சு போதுமானதாயிற்று. அதை யாரும் தின்பதில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அது போய்க்கொண்டே இருக்கும். ஒழுக்கத்தை நாடிய சட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா?

1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. அது நீங்கியபோது, மது பற்றிய அதிகாரம் மாநிலங்களின் கைக்குப் போயிற்று. பல மாநிலங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டன. நம் பையன் கண்ட கயிறு அந்த வழியில் வந்ததுதான்.

இத்தகைய சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு ஏற்றவைதாமா என்ற கேள்வி 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்கு மதுவைப் பற்றியதன்று. ஞாயிறு விற்பனையைப் பற்றியது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பெரிய கடையின் சிப்பந்திகள் எழுவர் ஞாயிற்றுக்கிழமையன்று சில சாமான்களை விற்றார்கள். தாள் கோக்கும் ஃபைல் ஒன்று, தரைக்குப் பூசும் மெழுகு ஒரு டப்பா, காகிதம் பிணைக்கும் ஸ்டேப்ளரும் அதன் கம்பிகளும், பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று. இவைதாம் குற்றப் பொருள்கள். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம். அதே சட்டத்தின்படி புகையிலை விற்கலாம், மிட்டாய் விற்கலாம், பெட்ரோல் விற்கலாம். அந்த வட்டாரத்தில் நடன மண்டபங்களும் கடற்கரைக் கேளிக்கை இடங்களும் திறந்திருக்கலாம். மெழுகு விற்றால் ஆண்டவனுடைய நாள் தீட்டுப்பட்டுவிடும்!

பிரதம நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பு எழுதினார். இச்சட்டங்கள் மதத்திலிருந்து பிறந்தவை என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த வரலாற்றையெல்லாம் விரித்தே எழுதினார். ஆனால் பிறப்பு ஒன்று, இன்றைய பயன் ஒன்று என்றார். எல்லோரும் ஒரே நாளில் ஓய்ந்திருக்கவும், குடும்பத்தார் கூடியிருக்கவும் ஒரு பொது நாளை ஒதுக்குவது அரசாங்கத்தின் நியாயமான வேலை; பெரும்பாலோர் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் நாளையே அதற்குத் தேர்ந்ததில் தவறில்லை என்பது அவர் கொண்ட முடிவு. நீதிபதி டக்ளஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் நாட்டையே பாருங்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை கோரிப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிபா பூலேயின் தோழர். 1890-இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். ஞாயிறு கண்டோபாவுக்கு உகந்த நாள் என்பதும் தொழிலாளர் தரப்பில் எடுத்துச் சொன்ன காரணங்களுள் ஒன்று. துரைமார்களுக்கு ஏசுநாதர், மராட்டியத் தொழிலாளிக்குக் கண்டோபா, நாள் ஒன்றே. பம்பாயில் இந்தப் பேச்சைக் கேட்கும் நேயர்கள், தாங்கள் அனுபவிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இந்த உழைப்பாளிகளின் பங்கும் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வாரனின் தீர்ப்பு நம் மனத்துக்கு முழு நிறைவைத் தரவில்லை. காரணம், அதே நாளில் வெளியான இன்னொரு தீர்ப்பு. பிலடெல்பியாவில் துணிமணி வியாபாரம் செய்த யூதர்கள் சிலர் வழக்காடினார்கள். வெள்ளி மாலை இருட்டியது முதல் சனிக்கிழமை இரவு வரையில் கடை திறப்பது அவர்கள் மதத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை திறப்பதோ சட்டத்துக்கு ஆகாது. ஆக, வாரத்தில் அண்டைக் கடைக்காரன் ஒரு நாள் பூட்டினால் இவர்கள் இரண்டு நாள் பூட்ட வேண்டும். பெரும்பான்மை நீதிபதிகள் இதற்குப் பரிகாரம் இல்லை என்றார்கள். சட்டம் யூத மதத்தைத் தடை செய்யவில்லை, அதை அனுசரிப்பதற்கு ஆகும் செலவைக் கூட்டுகிறது, அவ்வளவே என்பது அவர்கள் வாதம். மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். வயிற்றுப்பிழைப்பா, வழிபாடா என்று ஒருவனைத் தேர்ந்துகொள்ளச் சொல்வது கொடுமை என்று அவர்களில் ஸ்டூவர்ட் கருதினார். சனிக்கிழமையை அனுசரிப்போருக்கு விலக்கு அளிக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் அப்போதே இருந்தது. விலக்கு அளித்ததால் அங்கே ஞாயிற்றுக்கிழமை கெட்டுப் போய்விடவில்லை. ஆகையால் மாறுபட்ட நீதிபதிகளின் பக்கமே நியாயம் என்பது நமது கருத்து. பொது ஓய்வு நாள் வேண்டியதுதான். அதன் விலையைச் சிறுபான்மையோர் மட்டும் கொடுக்க வேண்டியதில்லை.

திருச்சபையும் மதுவும் நேருக்கு நேர் மோதிய வழக்கு இருபது ஆண்டுக்குப் பின் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டம்: தேவாலயத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ 500 அடிக்குள் இருக்கும் கடைக்கு மது லைசென்சு கேட்டால், அந்தத் தேவாலயத்தாரோ பள்ளிக்கூடத்தாரோ எழுத்து மூலம் ஆட்சேபித்த மாத்திரத்தில் லைசென்சு கிடையாது. கேம்பிரிட்ஜ் நகரில் 'கிரெண்டல்ஸ் டென்' என்ற உணவகம் 1977-இல் லைசென்சுக்கு விண்ணப்பித்தது. பத்து அடி தூரத்தில் இருந்த ஆர்மீனியத் தேவாலயம் மறுப்புத் தெரிவித்தது. விண்ணப்பம் தள்ளுபடி. அந்த 500 அடி வட்டத்துக்குள் ஏற்கெனவே 26 லைசென்சுகள் இருந்தன என்பதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1982-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இச்சட்டத்தைச் செல்லாதென்றது. தேவாலயத்துக்கு அருகே மதுக்கடை கூடாது என்று சட்டசபையே விதிக்கலாம். லைசென்சு அதிகாரி தேவாலயத்தாரின் கருத்தைக் கேட்டு அதற்கு மதிப்பும் அளிக்கலாம். ஆனால் தடுக்கும் அதிகாரத்தையே பாதிரியார் கையில் ஒப்படைக்கலாகாது என்றார் பிரதம நீதிபதி பர்கர். ஜெபர்சனின் சுவர் எங்கே நிற்கிறது என்பதை இந்தத் தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது என்று நினைக்கிறோம். பக்தர்கள் தங்கள் குறையைச் சொல்லிக்கொள்வதை அந்தச் சுவர் தடுக்கவில்லை. அரசாங்கத்தின் முத்திரை அவர்கள் கைக்குப் போவதைத்தான் தடுக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் பார்வையைத் திருப்பினால், தமிழ்நாட்டில் மதுக்கடைகள் அடைத்திருக்கும் நாள்களில் மகாவீர் ஜயந்தியும் மீலாது நபியும் வள்ளலார் நினைவு நாளும் உண்டு. காந்தி ஜயந்தியும் மே தினமும் உண்டு. பல மதத்தாரின் நாளும் மதமில்லாத நாளும் கலந்த பட்டியல் அது. நமது அரசியல் சட்டத்தின் 47-ஆவது விதி மதுவிலக்குக்கு உடல்நலத்தையே காரணம் காட்டுகிறது. தெய்வத்தைத் துணைக்கு அழைக்கவில்லை.

அயலார் விவகாரம் அன்று என்று சொன்னோமல்லவா? தில்லியிலுள்ள மத்திய அரசாங்க அலுவலகங்களில் பொங்கல் பொது விடுமுறை அன்று. விருப்பமுள்ளோர் எடுத்துக்கொள்ளும் விடுமுறைப் பட்டியலில் அது இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு இரண்டு நாள்தான் எடுக்கலாம். தில்லிக்கு வந்த புதிதில் ஒரு பொங்கலன்று அவசர வேலை என்று அலுவலகம் போனோம். வீட்டில் பால் பொங்கிய நேரத்தில் நாம் கோப்பு ஒன்றின் முன் உட்கார்ந்திருந்தோம். யார்மீதும் வருத்தமில்லை, யாரும் நம்மை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. ஊரார் நாள்காட்டியில் நம் நாள் சிறிய எழுத்தில் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்தப் பிலடெல்பியா வியாபாரிகளின் வழக்கைப் படித்தபோது அந்தப் பொங்கல் நினைவுக்கு வந்தது. நம் பட்டியலில் ஒரு சிறிய வழியாவது விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்த ஞாயிறு மதுத் தடைகள் அண்மைக் காலத்தில் ஒவ்வொன்றாக நீங்கிவருகின்றன. மினசோட்டா மாநிலம் 1858-இல் உருவான காலந்தொட்டு இருந்த தடை 2017 ஜூலையில் நீங்கிற்று. அதை நீக்கக் கூடாதென்று முன்னணியில் நின்றவர்கள் யார் தெரியுமா? மதுக்கடைக்காரர்களே! ஆறு நாளில் விற்கும் சரக்கையே ஏழு நாளில் விற்கப் போகிறோம், கூலியும் விளக்குச் செலவும்தான் கூடும், குடும்பமாகக் கடை நடத்துகிறவனுக்கு ஒரு நாள் ஓய்வும் போய்விடும் என்பது அவர்கள் முறையீடு. இந்தியானாவிலும் மதுக்கடைச் சங்கத்தார் நெடுநாள் இதே பாட்டைப் பாடினார்கள். பெரிய பலசரக்குக் கடைகளோடு போட்டி வந்துவிடுமே என்ற அச்சம் அவர்களுக்கு. பாதிரியார் கட்டிய கயிற்றைக் கடைசி வரையில் பிடித்துக்கொண்டிருந்தவர் வியாபாரி.

இந்தியானாவில் 2018-ஆம் ஆண்டு கவர்னர் கையெழுத்திட்டார். மார்ச் 4-ஆம் நாள் முதல் ஞாயிறு விற்பனை தொடங்கிற்று. அந்த வாரமே பையனிடமிருந்து செய்தி வந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள் சித்தப்பா, ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அவிழ்க்கிறார்கள் என்று எழுதியிருந்தான். சட்டத்தைப் பார்த்தோம். நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரையில் விற்கலாம் என்று இருந்தது. காலை வேளையில் மட்டும் ஏன் கூடாது என்பதற்கு அதில் காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தேவாலயங்களில் காலை வழிபாடு அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று பையன்தான் எழுதினான்.